மூன்றிலை நொச்சி

கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. வீரசிங்கம் அதை நின்றபடி ஒரு முறை வாசித்தான், உட்கார்ந்து ஒரு முறை வாசித்தான், பிறகு சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சோறு கேட்டான். பூரணத்துக்கு அப்போதே விளங்கிவிட்டது. மாமியார் கடிதத்தில் நல்ல செய்தி இருந்தால் அவன் நாலு வீட்டுக்குக் கேட்க அல்லவா வாசிப்பான்!

"என்னவாம் மாமி?"

"ஒண்டுமில்லை. முதல்ல சாப்பிடுவம்."

"ஒண்டுமில்லாததையே ரெண்டு தரம் வாசிச்சனீங்கள்?"

வேறு வழியில்லாமல் கடிதத்தை நீட்டினான். விஷயம் இதுதான். பூரணத்துக்கு ஏழாம் மாதம் பிறப்பதற்குள் அவளைக் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தலைப்பிள்ளை. தாயில்லாத பெண் என்பதால் மாமியார் வீட்டிலேயே பேறு பார்க்கலாம். அந்த மலாய் நாட்டில் பெற்றவளைப் பார்க்க ஆள் ஏது, பத்தியச் சரக்கு ஏது? அதெல்லாம் போகட்டும், முதல் முழுக்குக்கு நொச்சி இலைக்கு எங்கே போவீர்கள்? இரண்டு கை நிறைய நொச்சி இலை போட்டு அவித்த தண்ணீர் வார்க்காவிட்டால் பெற்றவள் உடம்பு ஆயுசுக்கும் தேறாது. இப்படிக்கு, உன் அன்பான தாயார்.

"நான் போகமாட்டன்" என்றாள் பூரணம்.

சும்மா பிடிவாதத்துக்குச் சொன்னதல்ல. வீரசிங்கத்துக்கு ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் குடித்தனம் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவள் கண்டதும் கேட்டதுமான கதைகள் கொஞ்சமா? அடுத்த வரிசையில் இருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் சண்முகரத்தினத்தின் மனைவி பேற்றுக்கென்று மூன்று மாதத்துக்குத்தான் ஊருக்குப் போனாள். பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்றார்கள், மாமியாருக்குச் சுகமில்லை என்றார்கள், காணி வழக்கு முடியட்டும் என்றார்கள். போய் ஐந்து வருஷம். மகன் அங்கே பள்ளிக்கூடம் போகிறான், தகப்பன் முகம் தெரியாது. இன்ஸ்பெக்டர் இங்கே கடைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொண்டு இருக்கிறார். அந்த வாழ்வு தனக்கு வேண்டாம் என்று பூரணம் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். அவளுக்குப் புருஷனைப் பிடித்திருந்தது. அவன் அம்மா பிள்ளைதான், ஆனாலும் பிடித்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பூரணம் நெடுந்தீவில் பிறந்தவள். மாமியார் ஊர் கோண்டாவில், செம்மண்ணும் நல்ல தண்ணீர்க் கிணறும் உள்ள ஊர். "தீவுப் பெட்டை எண்டாலும் நிறம் பரவாயில்லை" என்று கலியாணப் பந்தலிலேயே சொன்ன மனுஷி அவர். அந்த வாயின் கீழ் பிள்ளையும் கையுமாக வருஷக்கணக்கில் இருப்பதா?

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அம்மா காரணத்தோடதானே எழுதியிருக்கிறா" என்றான் வீரசிங்கம்.

"அப்ப காரணத்தை ஒவ்வொண்டாப் பாப்பம். ஆள் இல்லையாம். ஆஸ்பத்திரியில மருத்துவச்சி இருக்கிறா, வீட்டில தூள் இடிக்க வாற பவுனம்மாள் இருக்கிறா. சரக்கு இல்லையாம். பாசாரில மிளகு, திப்பிலி, உள்ளி எல்லாம் மூட்டை மூட்டையாக் கிடக்கு. பேந்தென்ன?"

"நொச்சி?"

அந்தச் சொல்லைச் சொன்னதும் வீரசிங்கத்தின் முகம் தெளிந்துவிட்டது. பூரணம் ஊரிலிருந்து வந்தவர்களிடம் சொல்லி இரண்டு தரம் நொச்சித் தடி தருவித்தவள். ஒரு தரம் கப்பலிலேயே அழுகிப்போயிற்று. மறு தரம் சமையல் குசினிக்குப் பின்னால் நட்டது துளிர்க்காமல் பட்டுப்போக, பத்தாம் நாள் பிடுங்கி எறிந்தாள். அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"நொச்சியை நான் வளர்க்கிறன்" என்றாள்.

அவன் சிரித்தான். "சரி. ஏழாம் மாசம் பிறக்க முதல், அம்மா சொன்ன ரெண்டு கை இலை இந்த வளவுக்குள்ள இருந்தால் நீர் போகத் தேவையில்லை."

"பிள்ளையார் அறிய?"

"பிள்ளையார் அறிய."

மனுஷன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டான். பூரணத்துக்கு அப்போது மூன்றாம் மாதம்.

பவுனம்மாள் செவ்வாய்க்கிழமைகளில் தூள் இடிக்க வருவாள். புருஷன் தண்டவாளக் கூலி. இங்கே வருமுன் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். வாய் ஓயாது, உலக்கையும் ஓயாது. கதையைக் கேட்டுவிட்டு உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"நொச்சிக்கா இந்த அழுகை? அட என்னாங்க கிராணியம்மா நீங்க! கிள்ளான்ல மலாய்க்காரப் பொம்பளைங்க புள்ள பெத்தா அதைத்தானே வேக வச்சு ஊத்திக்கிறாங்க. லெங்குண்டின்னு சொல்வாங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எம் மூத்தவன் பொறந்தப்ப மலாய்க்கார மருத்துவச்சிதானே வந்தா! மூஞ்சியில ஊத்துனதும் எங்க ஊரு நொச்சி வாசம். நான் அழுதேபுட்டேன் போங்க. எந் தங்கச்சி புருஷன் வெளக்குக்கூண்டு இருக்கிற பூலாவுக்குத் தண்ணிப் பீப்பா ஏத்திக்கிட்டுப் போறான். அந்தத் தீவுல மணல் பூரா அதான் மொளைச்சிக் கெடக்குதாம். சொல்லி விடட்டுமா?"

"சொல்லி விடட்டுமா எண்டு கேக்கிறியே! இப்பவே போ" என்றாள் பூரணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பவுனம்மாள் கிள்ளான் ரயிலில் இருந்து ஈரச்சாக்கும் கையுமாக இறங்கினாள். உள்ளே பன்னிரண்டு தடிகள். இலை சாம்பல் பச்சை, அடிப்பக்கம் வெள்ளை. பூரணம் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். அதே மணம்தான். ஆனால் ஊர் நொச்சிக்கு ஒரு காம்பில் ஐந்து இலை. இதற்கு மூன்று. அவள் எல்லாத் தடிகளையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு நெடுந்தீவுக் கடற்கரையில், கல்வேலிக்கு வெளியே, ஆடு கடித்தது போக மிஞ்சி நிற்கும் பற்றைகள் ஞாபகம் வந்தன. அவற்றுக்கும் மூன்று இலைதான். நீர்நொச்சி என்பார்கள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தாய் பறித்த இலையே அதுதானே!

பன்னிரண்டையும் குசினிக்குப் பின்னால் வரிசையாக நட்டாள். அங்கேதான் அவள் பெரிய பிழை விட்டாள்.

நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்கு அரை மைல் நடக்க வேண்டும். குடத்தில் கொண்டுவந்த தண்ணீரில் குடித்தது போக, சமைத்தது போக, ஒரு சிரட்டை மிஞ்சினால் அது செடிக்கு. அந்த ஊரில் ஒரு செடிமேல் அன்பு என்றால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதுதான், வேறொன்றும் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலோ குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. விடுவாளா? காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி. நடுவில் வானமும் தன் பங்குக்குத் தினமும் நாலு மணிக்குக் கொட்டியது. மழை பெய்து ஓய்ந்த ஈரத்திலும் அவள் வாளியோடு போய் நின்றாள்.

இருபது நாளில் ஒன்பது தடி கறுத்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கி அடியை முகர்ந்து பார்த்தாள். குப்பென்று அழுகல் நாற்றம். பூரணம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி குடுத்துக் குடுத்தே சாகடிச்சுப்போட்டன், பவுனம்மா! ஊரில இருந்து வந்ததையும் இப்பிடித்தான் சாகடிச்சிருக்கிறன்."

"சும்மா கெடந்த மணல்ல தானா மொளைச்சது. அதைக் கொண்டாந்து சேத்துல நட்டு மேல மேல ஊத்துனா பாவம் அது என்னா பண்ணும்?"

பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஞ்சிய மூன்று தடிகளைப் பார்த்தாள். தீவில் பிறந்த செடி. தீவில்தான் இருக்குமென்றால் தீவைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும். அன்று மாலையே வேலை தொடங்கிற்று.

பிரிக்பீல்ட்ஸில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உடைந்த செங்கல்லுக்குப் பஞ்சமில்லை. சூளையடியில் யாரும் கேட்பாரில்லாமல் குவிந்து கிடந்ததைப் பவுனம்மாள் கூடை கூடையாகச் சுமந்து வந்தாள். ஆற்று மணல் இரண்டு மாட்டு வண்டி வந்தது. நெடுந்தீவு மண்ணெல்லாம் கிடக்கும் பவளக் கல்லுக்கு எங்கே போவது? முச்சந்தியில் சீனர் கடையில் கெராங் சிப்பியை அவித்துச் சாப்பிட்டுவிட்டு ஓடுகளை மலைபோல் கொட்டியிருந்தார்கள். பூரணம் தானே போனாள், பட்டப்பகலில், சாக்கோடு. பாதையில் நின்று சாக்கை நிரப்பினாள். கொண்டுவந்து சாம்பல் போட்டுக் கழுவினாள்.

வீரசிங்கத்துக்கு அது அலுவலகத்திலேயே காதில் விழுந்துவிட்டது. முகம் சிவக்க வந்தான்.

"என்ன பூரணம் இது? சீனர் கடை எச்சில் சிப்பியைக் கிராணி பெண்சாதி தெருவில நிண்டு பொறுக்கிறாளெண்டு என்னோட வேலை செய்யிற ராதாகிருஷ்ணன் எல்லாருக்கும் முன்னால சொல்லிச் சிரிக்கிறான். எனக்குத் தலை நிமித்த ஏலாமல் கிடக்கு!"

"நீங்கள் வெக்கப்படுங்கோ. எனக்கு நேரமில்லை" என்றாள் அவள், சிப்பியைக் கழுவிக்கொண்டே.

இடுப்பளவு மேடு எழும்பிற்று. அடியில் செங்கல், நடுவில் மணல், மேலே சிப்பி. மூன்று தடியையும் வேர் நோகாமல் எடுத்து மேட்டின் உச்சியில் வைத்தாள். பிறகு செய்ததுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பழக்கதோஷம், பின்னேரமானால் கை தானாக வாளிக்குப் போகும். தன் கையைத் தானே அதட்டினாள்.

பதினைந்தாம் நாள் மூன்றும் துளிர்த்தன. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் பவுனம்மாளுக்கு ஒரு சேலையே கொடுத்துவிட்டாள்.

ஆனால் நல்லது ஒன்று நடந்தால் பின்னாலேயே ஒரு வில்லங்கம் வராமல் இருக்குமா? ஆறாம் மாதம் தொடக்கத்தில் சண்முகரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கையில் கம்பு. குவார்ட்டர்ஸ் முழுக்க மலேரியாவுக்காகத் தண்ணீர் தேங்கும் இடம் தேடி வந்தவர், மேட்டைக் கண்டு திகைத்துப்போனார்.

"இதென்ன தங்கச்சி? சிப்பி எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கு. ஒவ்வொண்டிலயும் மழைத்தண்ணி. நுளம்புக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரியெல்லோ இருக்கு! நாளைக்கே ஆக்களை விட்டு அள்ளுவிக்கோணும்."

பூரணம் ஒரு சிப்பியை எடுத்துத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள்.

"அண்ணை, குற்றம் சிப்பியிலயோ தண்ணியிலயோ?"

"தண்ணியிலதான்."

"அப்ப கவிழ்த்து வச்சால்?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கவிழ்த்து வச்சால் தண்ணி நிக்காது. ஆனா இத்தினையையும் ஆர் கவிழ்க்கிறது? சரி, வெள்ளிக்கிழமை வருவன். ஒண்டில தண்ணி நிண்டாலும் எனக்கு வேற வழியில்லை."

மூன்று நாள். பலகையைப் போட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சிப்பியாகக் கவிழ்த்தாள். ஆயிரமோ இரண்டாயிரமோ, யார் கண்டது! விரல் நுனியெல்லாம் கீறல். பவுனம்மாள் மறுபக்கத்தில் இருந்து கவிழ்த்தபடி மலாயிலும் தமிழிலும் கொசு வர்க்கத்தையே திட்டித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் கம்பால் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. போகத் திரும்பியவர் நின்றார்.

"இது என்ன செடி, தங்கச்சி?"

"நொச்சி."

"இவ்வளவு பாடுபட்டு எதுக்கு?"

"ஊருக்குப் போகாமல் இருக்கிறதுக்கு, அண்ணை" என்று கதையைச் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு இலையைத் தொட்டு விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கக்கூட மறந்துவிட்டார் மனுஷன்.

ஏழாம் மாதம் பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிறு காலை, வீட்டுக்குள் ஒரு பெரிய தகரப் பெட்டி வந்து இறங்கியது. புதுப் பெயின்ட் மணம். மூடியில் பூரணத்தின் பெயர். மேசை இழுப்பறையில் கொழும்புக் கப்பல் டிக்கெட். வீரசிங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் தும்மிக்கொண்டு நின்றான். இரண்டு நாளாக அவனுக்குக் கடும் சளி.

பூரணத்துக்குக் கோபம் உச்சியில் ஏறிற்று. "பிள்ளையார் அறியச் சொன்னது என்ன? வாங்கோ இஞ்ச!" என்று அவனைக் கையில் பிடித்துப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று செடியும் முழங்கால் உயரம். பறித்தால் இரண்டு கைக்குச் சரியாக இருக்கும், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிப்பிக் கதைக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாத வீரசிங்கம் குனிந்து பார்த்தான். அவன் நினைக்கவேயில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கிராணி வேலை பார்க்கிறவன் அவ்வளவு லேசில் விடுவானா?

"இதுக்கு மூண்டு இலை. நொச்சிக்கு அஞ்சு."

"நீர்நொச்சிக்கு மூண்டு."

"அம்மா நொச்சியெண்டுதான் எழுதினவ. நீர்நொச்சியெண்டு எழுதேல்லை."

"மணந்து பாருங்கோ."

"எனக்கு மூக்கடைப்பு" என்று சொல்லி, அதற்குச் சாட்சியாக இன்னொரு தும்மலும் போட்டான்.

பூரணம் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு மேட்டுக்கு முன்னால் முழங்காலிட்டு, இலைகளைப் பறிக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறீர்? பிடுங்கினால் பேந்து காட்டுறதுக்கு இலை எங்க?"

"உள்ளுக்குப் போய் முக்காலியில இருங்கோ."

நாலு மாதப் பாடு. ஒவ்வொரு காம்பும் ஒடியும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒடிந்தது. மறுபடி துளிர்க்க ஒரு மாதமாவது செல்லும். கப்பலோ பத்து நாளில் புறப்படும். இதற்குப் பிறகும் அவன் இல்லையென்று சொன்னால் அவளிடம் மூன்று குச்சியும் ஒரு தகரப் பெட்டியும்தான் மிச்சம். ஆனால் இலையை எண்ணிக் காட்டி இந்த மனுஷனை வெல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணினால் அவன் இன்னொரு எண் சொல்வான். ஒரு இலையும் விடாமல் பறித்தாள்.

பானையில் தண்ணீர் கொதித்ததும் அத்தனை இலையையும் போட்டு மூடினாள். பானையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்து, தடித்த போர்வையால் அவனையும் பானையையும் சேர்த்து மூடினாள். "மூடியைத் திறவுங்கோ. வேது வடிவா உள்ளுக்குப் போகோணும்."

போர்வைக்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது. பிறகு, "ஐயோ, சுடுகுது!" பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"காணும், வெளியில வாங்கோ" என்றாள்.

"பொறும்."

நெடுநேரம் கழித்து வெளியே வந்தான். முகம் முழுக்க வியர்வை, கண் சிவந்திருந்தது.

"சின்னனில எனக்குச் சளி பிடிச்சால் அம்மா போர்வைக்குள்ள தானும் வந்து இருப்பா. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு" என்றான். குரல் கரகரத்தது, அது சளியால் அல்ல.

"அப்ப இது நொச்சியோ, இல்லையோ?"

அவன் எழுந்தான். முகத்தைத் துடைத்தான், வெள்ளைக் கோட்டை மாட்டினான், இழுப்பறையைத் திறந்து டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பூரணம் பின்கதவு நிலையில் உட்கார்ந்தாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறானா, கப்பல் நேரத்தை உறுதி செய்யப் போகிறானா? ஒன்றும் தெரியவில்லை. எதிரே மூன்று குச்சிகள் மொட்டையாக நின்றன. அவற்றைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு சிரட்டை தண்ணீர் ஊற்றினால் என்ன என்று எழுந்து வாளியை எடுத்தவள், சட்டென்று கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழவில்லை. பெட்டியை எந்தக் கப்பலில் ஏற்றினாலும் தான் ஏறப்போவதில்லை என்று உறுதியாக நினைத்துக்கொண்டாள்.

நாலு மணி மழை பெய்து ஓய்ந்த பிறகு முன்வரிசையில் சலசலப்புக் கேட்டது. வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ராதாகிருஷ்ணன் வீட்டுக்காரி வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் வீரசிங்கம் வந்துகொண்டிருந்தான். தோளில் ஒரு சாக்கு. சாக்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து வெள்ளைக் கோட்டை நாசமாக்கியிருந்தது. அவன் தலையைக் குனியவில்லை, பக்கத்தில் திரும்பவும் இல்லை. நேரே பின்வளவுக்கு வந்து சாக்கைத் தொப்பென்று போட்டான். சீனர் கடைச் சிப்பி.

"ரெண்டு கை முதல் முழுக்குக்குத்தான் காணும்" என்றான் மூச்சு வாங்க. "பேந்து ஒரு மாசத்துக்கு முழுக்கு இருக்கெல்லோ? இன்னும் நாலு செடியாவது வேணும். மேடு பத்தாது."

பூரணம் நிலையிலிருந்து எழுந்தாள். "டிக்கெட்?"

"சண்முகரத்தினம் வாங்கிக்கொண்டார். மனுசியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வரப்போறாராம். வந்த உடன தனக்கும் ரெண்டு தடி வேணுமாம்."

"மாமிக்கு என்ன எழுதுவீங்கள்?"

"நொச்சி இருக்கெண்டு எழுதுவன்."

"எத்தினை இலையெண்டு?"

"அதை ஏன் எழுதுவான்?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சாக்கின் வாயை அவிழ்த்துச் சிப்பிகளை மேட்டோரமாகக் கொட்டினான்.

பூரணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பலகையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"இருந்து ஒவ்வொண்டாக் கவிழ்த்து வையுங்கோ" என்றாள். "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார்."